முள் குறைவாகத்தான் காட்டும்

டீ நன்றாக இருக்கிறது, சார். போலீஸ் ஸ்டேஷன் டீயைப் பற்றி ஊரில் சொன்னதை நம்பிப் பயந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ஹாஜா மொய்தீன், பூந்தமல்லி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர் கீப்பர். வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவேன். விளையாட்டு என்று என் மச்சினி உஸ்மா கேலி செய்வாள். ஆனால் நிஜ விமானத்தின் கணக்கெல்லாம் அதில் அப்படியே உண்டு. சென்னையில் கிளம்பிப் பத்தாயிரம் அடியிலேயே பறந்தால் டெல்லி வருமுன் டாங்க் காலி. முப்பத்தாறாயிரத்துக்கு ஏறினால் காற்று மெலிந்துவிடும். தடை குறையும், எரிபொருள் மிச்சமாகும். வேகம் காட்டும் முள் அங்கே குறைவாகத்தான் காட்டும். இருநூற்றைம்பது என்று காட்டும்போது நிஜத்தில் நானூற்றைம்பதில் போய்க்கொண்டிருப்போம். தெரியாதவர்கள் பதறிப்போவார்கள்.

என் மனைவி லத்தீஃபாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. வீட்டிலேயே ஆக்ஸிஜன் மெஷின். நிமிஷத்துக்கு மூன்று லிட்டரில் வைக்கச் சொன்ன டாக்டர், குமிழில் கை வைக்கக் கூடாது என்றும் சொன்னார். எனக்கென்னவோ அவள் வீணாக எரிந்து தீர்வதாகப் பட்டது. காற்றைக் குறைத்தால் இன்னும் நெடுந்தூரம் வருவாள் என்று நினைத்தேன். வாரத்துக்கு அரை லிட்டர் குறைத்தேன். அவசரப்படவில்லை. விமானத்தையும் படிப்படியாகத்தான் ஏற்றுவோம்.

ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டும் கருவியில் தொண்ணூற்று மூன்று எண்பத்தாறாகி, எழுபத்தெட்டானது. பீப் பீப் என்று கத்தியது, சத்தத்தை நிறுத்தினேன். ஆனால் எண்ணை அவள் பார்த்துவிட்டாள்.

"என்னாங்க, நம்பர் கம்மியா கீதே. மூச்சு முட்டுது."

"மேல போனா முள்ளு கம்மியாத்தான் காட்டும். உள்ளுக்குள்ள நீ நல்லா கீற."

தலையாட்டினாள். இருபத்தோரு வருடமாக நான் சொன்னதையெல்லாம் நம்பியவள். உதடு நீலம் பாரித்திருப்பதை உஸ்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமிலிருந்து வருகிறேன் என்றாள். வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், அடுத்த வாரம் வா என்று தடுத்தேன்.

அவ்வளவு உயரத்தில் பயணிகள் எப்படி மூச்சு விடுகிறார்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. உள்ளே காற்றை அழுத்தி நிரப்பி வைத்திருப்பார்கள், சார். இல்லாவிட்டால் சில நிமிஷத்தில் ஆள் முடிந்துவிடும். அது எனக்கு முதல் நாளே தெரியும்.

லத்தீஃபா படுத்ததிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவாள். தண்ணீர், தலையணை, ஃபேன். கம்ப்யூட்டரில் டெல்லிக்கு இரண்டே முக்கால் மணி நேரம்; ஒருநாளும் முழுதாகப் போய்ச் சேர்ந்ததில்லை. அதற்காக அவள்மேல் எனக்குக் கோபமெல்லாம் கிடையாது. அந்த ஞாயிறு மதியம் குமிழைக் கடைசிவரை திருப்பி மூடிவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். இரண்டு தடவை கூப்பிட்டாள். அப்புறம் கூப்பிடவில்லை. மனசு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. டெல்லியில் சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை, சார். அவ்வளவு பூப்போல இறக்கினேன்.