நிற்காத தண்ணீர் லாரி

இரவு ஒன்றேமுக்கால் மணி. காளப்பநாயக்கன்பட்டி தாண்டி மலை ஏறும் ரோடு. ஒரே ஒரு வேன்... முன்னாலும் வேறு வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வந்து உட்காருங்கள். இது நம் கண்டக்டர் இளங்கோவின் மச்சான் தனபாலுக்கு நடந்தது.

வேனை ஓட்டியது தனபால். பக்கத்து சீட்டில் கலைச்செல்வி. பின்னால் ஒரு தகரப் பெட்டி... அதற்குள் அவள் புருஷன் மாதேஸ்வரன்.

ஆண்கள் இரண்டு பேரும் இந்த மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டுக்காரர்கள். துபாயில் டிரைவர் வேலை என்று ஒரு ஏஜெண்ட் கூட்டிப் போனான். கடைசியில் கொண்டுபோய் இறக்கியது வேறொரு நாட்டில். எங்கிருந்தோ வந்த பட்டாளம் புகுந்து உட்கார்ந்திருந்த நாடு. அந்தச் சிப்பாய்களுக்குக் குடிதண்ணீர் லாரி ஓட்ட வேண்டுமாம். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், படுபாவிகள். சட்டம் ஒன்றே ஒன்றுதான். வழியில் யார் கை காட்டினாலும் நிற்கக் கூடாது. குறுக்கே வந்தாலும் நிற்கக் கூடாது.

சிப்பாய் செத்தால் கொடி போர்த்தி அனுப்பினார்கள். மாதேஸ்வரனின் லாரி குண்டில் சிக்கியது. நாற்பது நாள் கழித்து இந்தப் பெட்டியைக் கொடுத்துத் தனபாலையும் ஊருக்கு அனுப்பினார்கள். மாரடைப்பு என்று ஒரு காகிதம். திறக்கக் கூடாது என்று இன்னொரு காகிதம்.

"ஒரு தடவ மொகத்தப் பாத்துட்டுத்தானுங்கண்ணா மண்ணுல வெப்பேன்" என்றாள் கலைச்செல்வி. ஏர்போர்ட்டிலிருந்து அவள் பேசியது அது ஒன்றுதான்.

பன்னிரண்டாவது வளைவு. ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வந்துகொண்டிருந்தது... சட்டென்று சுட்ட மண்ணின் வாடை. வெயிலில் வெந்த புழுதி வாடை. லைட் வெளிச்சத்தில் ஒரு கிழவர் நின்றார். வெள்ளைத் தாடி, முழங்கால் வரை சட்டை, கையில் மஞ்சள் கேன். இன்னொரு கையைத் தூக்கிக் காட்டினார்.

நம் மலையில் ராத்திரி ரோட்டில் நிற்கிறவரை யாரும் விட்டுவிட்டுப் போக மாட்டோம். பால் வண்டியானாலும் ஏற்றிக்கொள்வோம்.

"ஏனுங்கண்ணா, பெரியவரு கை காட்றாரு... நிறுத்துங்க."

தனபாலின் கால் ஆக்சிலேட்டரை அழுத்தியது.

அடுத்த வளைவு... அதே கிழவர். அதற்கடுத்த வளைவிலும் அவர்தான். வேன் தாண்டும்போதெல்லாம் தகரத்தில் காலிக் கேன் இடிக்கும் சத்தம். டொக்... டொக்...

"ஈவு எரக்கமே இல்லீங்களா உங்களுக்கு?" என்று கத்தினாள் கலைச்செல்வி.

தனபாலுக்கு அந்த முகம் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன், அந்த நாட்டு உச்சி வெயிலில், லாரிக் கண்ணாடிக்கு நாலடி முன்னால் பார்த்த முகம். அவன் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர். கிழவர் கேட்டது ஒரு கேன். அவன் நிறுத்தவில்லை. சக்கரம் ஒருமுறை ஏறி இறங்கியது. மாதேஸ்வரனிடம்கூட அவன் இதைச் சொன்னதில்லை.

வீடு வந்து சேர்ந்தார்கள். பெட்டியை நடுவீட்டில் இறக்கியதும் கலைச்செல்வியே கடப்பாரையை எடுத்தாள்.

"வேண்டாந் தங்கச்சி, தெறக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க."

"எழுதுனவனுக்கா தாலி அறுந்துச்சு? தள்ளுங்க."

மூன்றாவது நெம்பலில் மூடி எழுந்தது. பிண வாடை இல்லை. சுட்ட மண்ணின் வாடை. வெள்ளைத் தாடி. முழங்கால் வரை சட்டை, அதன் மேல் குறுக்கே டயர் தடம்.

கலைச்செல்வி அழவில்லை. தனபால் பக்கம் திரும்பினாள்.

"வழியெல்லாம் கை காட்டுன பெரியவரு இவருதானுங்க. அப்ப எம்புருசன் எந்த ரோட்ல நின்னு கை காட்டிட்டு இருக்காருங்கண்ணா? எவன் நிறுத்தாமப் போயிட்டு இருக்கான்?"

தனபால் வாயைத் திறந்தான். அதற்குள் பெட்டியிலிருந்து பதில் வந்தது... மெதுவாக, அந்த நாட்டுப் பாஷையில், நாலே வார்த்தை.

அங்கே இரண்டு வருஷம் இருந்த தனபாலுக்கு மட்டும் அது புரிந்தது. என்ன சொன்னார் என்று கலைச்செல்வி இன்னமும் தினம் ஒருமுறை அவன் வாசலில் வந்து கேட்கிறாள். அவன் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், அந்தச் சட்டையில் இருந்த டயர் தடம் யார் ஓட்டிய லாரியுடையது என்றும் சொல்ல வேண்டும்.