குளிக்கிற நேரம்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் பன்னிரண்டு வயதிருக்கும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் மகள் சொன்னாள்:

“இன்னிக்கு நான் குளிக்கலம்மா. அந்த ஒரு மணி நேரத்த இப்பவே குடுத்துரு.”

“வேண்டாஞ் சாமி. பெல்ட்டு போட்டுட்டே இருந்தாத்தான் முதுகெலும்பு இன்னும் வளையாம நிக்கும்னு டாக்டர் சொன்னாருல்ல? இல்லீனா ஆபரேசன் பண்ணி கம்பி வெக்கோணும்.”

“குளிக்க ஒரு மணி நேரம் கழட்டிக்கலாம்னும் அவருதான் சொன்னாரு.”

“பஸ்ல எதுக்கு கண்ணு?”

“வளைவுல எல்லாரும் சாயறாங்க. நான் மட்டும் கட்டையாட்டம் உக்காந்திருக்கேன். உம்மேல சாய முடியல.”

அம்மா முந்தானையை விரித்து மகளை மறைத்துக்கொண்டாள். பட்டைகள் பர்ரென்று பிரியும் சத்தம் கேட்டது. வெள்ளை பிளாஸ்டிக் கவசம் அம்மாவின் மடிக்கு வந்தது. அடுத்த வளைவில் மகளின் தலை அவள் தோளில் சாய்ந்தது. பிறகு நிமிரவே இல்லை.

ஏற்காட்டில் எல்லோரும் இறங்க எழுந்தோம். அவர்கள் மட்டும் அப்படியே இருந்தார்கள்.

“ஏனுங்க, நீங்க மாறோணும்னு சொன்ன தலைச்சோலை பஸ் கெளம்புது. புள்ளைய எழுப்புங்க” என்றார் கண்டக்டர்.

அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

“அது போனா போகட்டுங்க. இவளுக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்குது.”