ரெண்டு பேர் கையெழுத்து

கூடப்பிறந்தவர்தான் சார். ஒரே அப்பா, ஒரே அம்மா. சண்முகத்துக்கு நேர் இளையவன் நான். உங்ககிட்ட என்ன சொன்னாரு, தனக்குத் தம்பி தங்கச்சி யாரும் கிடையாதுன்னா? சொல்லுவாரு. கொஞ்ச நாளா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு.

உக்காருங்க. அது வேணாம் சார், அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. கரண்ட் போய் அரை மணி ஆச்சு, ஃபேன் சுத்தாது, ஜன்னலைத் திறந்தா லாரிப் புகை. கல்கத்தாவுல, அதுவும் இந்தக் கிடர்பூர்ல, ஞாயித்துக்கிழமைன்னு தனியா ஒண்ணு கிடையாது. விஜயா, சாருக்குக் காப்பி போடு. சண்முகம் அண்ணன் பொண்ணைப் பத்தி விசாரிக்க வந்திருக்காரு, உத்தமன் சார். கஸ்டம்ஸ்ல சூப்ரண்டு.

ஸ்னேகாவைப் பாத்தீங்கல்ல? தங்கமான பொண்ணு சார். எம்.எஸ்ஸி முடிச்சிருக்கு, யார்கிட்டயும் முகம் சுளிச்சுப் பேசாது. தமிழ்தான் கொஞ்சம் தடுமாறும். என்னைச் சித்தப்பான்னு கூப்பிடாது, காக்கான்னுதான் கூப்பிடும். பெங்காலியில சித்தப்பா. சின்ன வயசுல என் தோள்ல உக்காந்து காக்கா காக்கான்னு கத்தினா, அண்ணி தலையில அடிச்சுக்கும்.

அது தெரியும், நீங்க பொண்ணைப் பத்திக் கேக்கல. தம்பின்னு ஒருத்தன் இருக்கிறப்ப எதுக்கு மறைக்கணும், ஜெயிலுக்குப் போனவனா, குடிகாரனா, சொத்துல தகராறான்னு கேக்குறீங்க. நியாயமான கேள்வி. எனக்கு ஒரு பையன் இருந்து, நான் சம்பந்தம் பேசப் போனாலும் இதைத்தான் கேப்பேன். அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். ஒரு அப்பீல் போட்டிருக்கேன். அவ்வளவுதான் நான் பண்ணின குத்தம்.

சொல்றேன். காப்பி வர்ற வரைக்கும் கேளுங்க.

நான் இங்க துறைமுகத்து டக் பக்கத்துல ஒரு சென்ட்ரல் கவர்மென்ட் ஸ்டோர்ஸ்ல கிளார்க். டைப்பிங் டெஸ்ட்ல ஸ்பீடு காட்டி உள்ள போனவன். ஆபீஸ் முழுக்க பெங்காலி, பீகார்க்காரங்க நாலு பேரு, தமிழ்னா நான் ஒருத்தன்தான். மாத்ராஜி தாதாம்பாங்க, மெட்ராஸ் அண்ணன்னு. வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இட்லி கொண்டு வந்தியா, உங்க ஊர்ல மீனு திங்க மாட்டீங்களாமே, அவ்வளவுதான் விசாரணை. மீன் தின்னுவேன்னு சொன்னா நம்பவே மாட்டாங்க. நிம்மதியா இருந்தேன் சார். பொய் சொல்லக் கூடாது, ரொம்ப நிம்மதியா இருந்தேன்.

தொண்ணூத்தி ஆறுல வீரராகவன்னு ஒரு ஆபீசர் மெட்ராஸ்லேர்ந்து டிரான்ஸ்பர்ல வந்தாரு. தமிழாளு. ஆபீஸ்ல தமிழ்ச் சத்தம் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியல. வீடு பாத்துக் கொடுத்தேன். லேக் மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போயி அரிசி, காப்பித்தூள், அப்பளம் எல்லாம் எங்க வாங்கணும்னு காட்டினேன். பிள்ளைங்களுக்கு ஸ்கூல் ஃபார்ம் நான்தான் வரிசையில நின்னு வாங்கினேன். விஜயா ரெண்டு தடவ டிபன் கொடுத்து அனுப்பிச்சா. அவர் வீட்டம்மா பாத்திரத்துல சர்க்கரை போட்டுத் திருப்பி அனுப்பினாங்க. மரியாதைப்பட்டவங்கன்னு இவளுக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் ஒரு நாள் ஃபைல்ல கையெழுத்துப் போட்டுக்கிட்டே கேட்டாரு. மருதமுத்து, உங்களுக்கு எந்த ஊருன்னாரு. மானாமதுரைப் பக்கம்னேன். பக்கம்னா எதுன்னாரு. சொன்னேன். அங்க எந்தத் தெருன்னாரு. நான் அந்த ஊரையே ஒரு தடவதான் பாத்திருக்கேன், அப்பா கூட்டிட்டுப் போனாரு. கம்மாய்க்கு அந்தாண்ட சார்னேன். அப்பா என்ன பண்ணினாரு? டக்ல மூட்டை தூக்கினாரு. என்ன சாமி கும்பிடுறீங்க? சொன்னேன். அவ்வளவுதான் சார். பேனாவ மூடினாரு. ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. இத்தனை வருஷம் கூட உக்காந்து சாப்பிட்ட பெங்காலிக்காரங்களுக்கு இந்தக் கேள்வி கேக்கவே தெரியாது. தமிழ்ல பேச ஒரு ஆள் கிடைச்சிடுச்சேன்னு வாயெல்லாம் பல்லா நானேதான் எல்லாத்துக்கும் பதில் சொன்னேன்.

ஆமா சார். ஷெட்யூல்டு காஸ்ட். அண்ணன் உங்ககிட்ட பிள்ளைமார்னு சொல்லியிருப்பாரு.

வேர்க்குதா? இந்த விசிறிய வச்சுக்கங்க. கரண்ட் வந்துடும்.

அதுக்கப்புறம் என்ன நடந்ததுன்னா, ஒண்ணுமே நடக்கல. அதுதான் அதுல உள்ள சாமர்த்தியம். திட்டல, ஜாதிப் பேர் சொல்லிக் கூப்பிடல. அவர் ரூம்ல அரை டஜன் பீங்கான் கப் வச்சிருந்தாரு. யாரு உள்ள போனாலும் ஃபிளாஸ்க்லேர்ந்து ஃபில்டர் காப்பி ஊத்திக் கொடுப்பாரு. பெங்காலிக்காரங்களுக்கெல்லாம் அது ஒரு பெருமை. நான் உள்ள போனா மட்டும் பெல்லடிச்சு, பியூனை வெளிய கடைக்கு அனுப்பி, மண்குவளையில டீ வாங்கிட்டு வரச் சொல்லுவாரு. குடிச்சிட்டு வெளிய போட்டு உடைச்சிடலாம்ல. ஒரு தடவ இல்ல, ஒவ்வொரு தடவையும். அப்புறம் விஜயா கொடுத்தனுப்பின டிபன் பாத்திரம் பியூன் கையில திரும்பி வந்துச்சு, திறக்காம. அப்புறம் என் மேஜை கோடவுன் பக்கம் ரெக்கார்டு ரூமுக்குப் போச்சு. வருஷக் கடைசியில மெமோ வந்துச்சு. வேலையில அக்கறை இல்ல, நம்பிப் பொறுப்புக் கொடுக்க முடியாதவர்னு சி.ஆர்.ல, அதான் ரகசிய ரிப்போர்ட்ல, எழுதியிருக்காரு. அதுக்கு முன்னாடி எல்லா வருஷமும் வெரி குட் வாங்கினவன் நான். எனக்கு வர வேண்டிய புரமோஷன் எனக்குக் கீழ இருந்த பையனுக்குப் போச்சு. அவன் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான், பாவம்.

யூனியனுக்குப் போனேன். செக்ரட்டரி பிமல்தா நல்ல மனுஷன். தோள்ல கை போட்டுக்கிட்டு சொன்னாரு, தாதா, எங்க பெங்கால்ல ஜாதி கிடையாது, இது உங்க மெட்ராஸ் சமாசாரம், நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசித் தீத்துக்கங்கன்னு. அதைச் சொன்னவரோட குடும்பப் பேரு முகர்ஜி. தங்கச்சிக்கு மாப்பிள்ளை தேடி பேப்பர்ல விளம்பரம் கொடுத்தப்ப பிராமின்னு போட்டுத்தான் கொடுத்தாரு. நான் அதைக் கேக்கல.

இலாகாவுல கமிட்டி போட்டாங்க. மூணு பேரு, மூணு பேரும் பெங்காலி. நான் டீ விஷயத்தைச் சொன்னேன். தலைவரு கண்ணாடியக் கழட்டிட்டு என்னைப் பாத்தாரு. அதாவது, ஆபீசர் தன் பியூனை அனுப்பி உங்களுக்காக ஸ்பெஷலா டீ வரவழைக்கிறாரு, அதுக்குப் புகார் கொடுக்குறீங்களான்னாரு. மத்த ரெண்டு பேரும் சிரிச்சுட்டாங்க. ஒருத்தர் சொல்றாரு, எனக்கும் மண்குவளை டீதான் பிடிக்கும்னு. இந்த ஊர்ல மந்திரியும் அதுலதான் குடிக்கிறாரு, ரிக்‌ஷாக்காரனும் அதுலதான் குடிக்கிறான். அவங்களுக்கு நான் என்னன்னு விளக்குவேன்? வீரராகவனுக்குப் புரியும், எனக்குப் புரியும். கேக்குறவங்களுக்குப் புரியல. ரெண்டு மெட்ராஸ்காரங்களோட சொந்தச் சண்டைன்னு எழுதி மூடிட்டாங்க.

அலிப்பூர் கோர்ட்ல ஒரு வக்கீலைப் பிடிச்சேன். புரமோஷனுக்கு மட்டும்னா டிரிப்யூனல் போகலாம், ஆனா உங்க புகார் ஜாதியப் பத்தினது, அதைக் கேக்க வேண்டிய இடம் ஷெட்யூல்டு காஸ்ட் கமிஷன், அங்க போங்கன்னாரு. போனேன். அங்க ஒருத்தர் முழுசாக் கேட்டாரு சார். டீ விஷயம் சொன்னப்ப சிரிக்கல. குறிச்சுக்கிட்டாரு.

அப்பீலை எடுத்துக்கிட்டாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. நீங்க ஷெட்யூல்டு காஸ்ட்னு சர்டிபிகேட் வேணுமே.

எங்கிட்ட இல்ல. பிறந்தது கல்கத்தா. இங்க உள்ள லிஸ்ட்ல எங்க ஜாதியே இல்ல. அண்ணன் மட்டும் எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சதும் அப்பாகூட ஊருக்குப் போயி தாலுகா ஆபீஸ்ல வாங்கிட்டு வந்தாரு. அதை வச்சுத்தான் பேங்க் வேலை. எனக்கும் வாங்கணும்னு அப்பா சொன்னப்ப, வேணாம்பா, இங்க யாரும் கேக்கல, எதுக்கு வாங்கி நெத்தியில ஒட்டிக்கணும்னு தடுத்ததே அண்ணன்தான். தம்பி நல்லதுக்குத்தான் சொல்றாருன்னு நானும் இருந்துட்டேன். பாருங்க சார், வீரராகவன் ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டாரு. கமிஷனுக்குக் காகிதம் வேணும்.

ஜாதவ்பூர்ல அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணே, உங்க சர்டிபிகேட்ல ஒரு காப்பி, நீங்க என் அண்ணன்னு ஒரு வரி, போதும்னேன். ஸ்னேகாவுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கேன்டா, இப்பப் போயி இதைக் கிளப்புறியேன்னாரு. கேஸ் ரகசியமாத்தான் இருக்கும்னேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு. ரெண்டு வாரம் கழிச்சுப் போனா அண்ணி கதவைப் பாதி திறந்து, அவர் இல்லைங்குது. உள்ள அவர் இருமுறது எனக்குக் கேக்குது.

சரி, போகட்டும். பொண்ணைப் பெத்தவரு, பயம் இருக்கும். அது வரைக்கும் எனக்குக் கோவம் இல்ல சார். கமிஷன்லேர்ந்து அவங்களாவே அண்ணன் பேங்க்குக்கு எழுதிக் கேட்டிருக்காங்க, இந்த மருதமுத்து உங்க தம்பிதானான்னு. அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியாதுன்னு பதில் போட்டிருக்காரு. போன மாசம் எங்கிட்டக் காட்டினாங்க. எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததே அந்தக் கைதான். வீரராகவனாவது நான் யாருன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு.

காப்பி எடுத்துக்கங்க சார். ஆறிடப் போகுது.

ஏன் எந்திரிக்கிறீங்க? இருங்க. பொண்ணு வீட்டைப் பத்தி இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுட்டான், அண்ணன் மேல உள்ள கடுப்புல கல்யாணத்தைக் கெடுக்கப் பாக்குறான்னு நினைக்கிறீங்க. அப்படிக் கடுப்பு இருந்தாக்கூட அந்தப் பொண்ணு முகத்துக்காகவே வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன். வேற யாராவது வந்து கேட்டிருந்தா, எங்க அண்ணன் சொன்னதெல்லாம் நிசந்தான், நான் யாரோ தூரத்து சொந்தம்னு சொல்லி அனுப்பியிருப்பேன். உங்ககிட்ட எதுக்கு சார் மறைக்கணும்?

நீங்க மாரியப்பன் மாமா மகன்தானே.

வாசல்ல நின்னு பேரைச் சொன்னீங்க பாருங்க, அப்பவே தெரியும். கல்கத்தாவுல எத்தனை தமிழாளுக்கு உத்தமன்னு பேரு? எங்கூட இருந்த எங்க அம்மா சாகிற வரைக்கும் சொல்லும், மாரியப்பன் அண்ணன் மகன் உத்தமன் கஸ்டம்ஸ்ல பெரிய வேலையில இருக்கான், நம்ம கூலி லைன்ல வளந்த பையன்னு. எங்க அப்பாவை ஊர்லேர்ந்து, அதே கம்மாய்க்கு அந்தாண்ட தெருவுலேர்ந்து, கூட்டிட்டு வந்து டக் கேங்ல சேத்துவிட்டதே உங்க அப்பாதான். பக்கத்துப் பக்கத்து ரூமு, நடுவுல தகரம். நீங்க வீடு மாறிப் போறப்ப எனக்கு நாலு வயசு, அண்ணனுக்கு எட்டு வயசு. அவருக்கு அடையாளம் தெரியல போல. உங்களுக்கும் தெரியல. இங்க பிள்ளைமார் வீட்டுல சம்பந்தம்னு நீங்க வந்திருக்கீங்க, பிள்ளைமார் வீட்டுலேர்ந்து மாப்பிள்ளை வருதுன்னு எங்க அண்ணன் என்னைத் தலை முழுகிட்டாரு.

நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். அண்ணன்கிட்ட கூட. கல்யாணத்தை நல்லா நடத்துங்க, எனக்குப் பத்திரிகை வராது, பரவாயில்ல. எனக்கு வேண்டியது வேற. சர்டிபிகேட் இல்லேன்னா, அதே ஜாதியில, குடும்பத்தைத் தெரிஞ்ச ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டாலும் எடுத்துக்கிறோம்னு கமிஷன்ல சொல்லியிருக்காங்க. அதுல ஒருத்தர் கெஜட்டட் ஆபீசரா இருக்கணுமாம். டக்ல கப்பல் வேலை பாத்த பழைய கலாசி ஒருத்தர் போட்டுட்டாரு. இன்னொண்ணுக்குத்தான் ஆள் இல்லாம இருந்தேன். நீங்களே தேடிக்கிட்டு வந்துட்டீங்க.

யோசிக்கணுமா? யோசிங்க சார். புதன்கிழமை ஹியரிங், அதுக்குள்ள சொன்னாப் போதும். அண்ணனும் இப்படி எந்திரிச்சு நின்னுக்கிட்டுத்தான் யோசிக்கிறேன்னு சொன்னாரு.