பெட்டிக்குள் இருந்த ஜப்பான் மழை

“அந்த ஜப்பான் மழையைப் பெட்டிய விட்டு வெளிய எடுக்கவே மாட்டியளா?”

அம்பாசமுத்திரம் செல்லும் பேருந்தில், முன்னிருக்கைப் பெண்மணி தம் கணவரிடம் கேட்டார். கணவர் ஜப்பானிய அச்சோவியங்களைச் சேர்ப்பவர் போலும்; மழை என்றது அவற்றில் ஒரு மழைக்காட்சியை. இருவரும் கண் மருத்துவமனையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். மனைவியின் பார்வை இனி மெல்லக் குறைந்துகொண்டேதான் போகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம்.

“மரத்துல செதுக்கி அச்சடிச்ச பழைய படம்லா. வெளிச்சம் பட்டா நீலம் வெளுத்துரும்.”

“வத்தல் காயப்போட என்னைய மட்டும் வெயில்ல நிறுத்துதிய. நான் கறுத்தாப் பரவாயில்லையோ?”

கணவர் சிரித்தார். சேரன்மகாதேவி வந்ததும் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“வீட்டுக்குப் போனதும் ஒன் கட்டிலுக்கு எதிர்ல ஆணி அடிச்சு மாட்டுதேன்.”

“வெளுத்துருமே?”

“வெளுக்கட்டும்ளா. ஒனக்குப் பார்வை இருக்க வரைக்கும் அதுல நீலம் இருந்தாப் போதும்.”