முத்துவும் ஒரு பத்து மார்க் கேள்வியும்

நாச்சியாபுரத்திலிருந்து காரைக்குடி போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி ஜெராக்ஸ் தாள்களை மடியில் வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஏதோ பழைய அமெரிக்கச் சிறுகதை; இன்றைக்கு அரியர் பரீட்சையாம். திடீரென்று தாள்களை மூடினாள்.

“நான் பாஸானா முத்துவ வெட்டிருவாகடி.”

நான் செய்தித்தாளைத் தாழ்த்தினேன்.

“யாருடி முத்து?”

“எங்க வீட்டுக் கிடாக்குட்டி. நான் இதுல பாஸானா வெட்டுறதா அம்மா கருப்பருக்கு நேந்துக்கிருச்சு.”

“சரி, அதுக்கு இப்ப என்ன?”

“கதையில வர்ற ஆட்டுக்குட்டி யாருக்குக் குறியீடு?”

“இயேசுவுக்கு. மத்தவுகளுக்காக உயிரக் குடுத்தாருல்ல. பத்து மார்க், கட்டாயம் வரும்.”

“அதத்தான் படிக்கிறேன். படிக்கப் படிக்க முத்து மூஞ்சிதான் தெரியுது.”

தோழி சிரிக்கவில்லை. தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“எங்க வீட்லயும் பக்ரீத்துக்கு ஒண்ணு வளத்தோம். அன்னைக்கு எனக்குச் சோறே இறங்கல. அம்மாட்டச் சொல்லிப் பாத்தியா?”

“சாமிக்குச் சொன்னத மாத்தக் கூடாதுன்னுச்சு.”

குன்றக்குடியில் கூட்டம் ஏறியது. அவர்கள் குரல் தணிந்தது. நான் கொஞ்சம் முன்னால் சாய்ந்துகொண்டேன்.

“அப்புறம்?”

“காலையில அம்மா முத்துவுக்குக் கழனித் தண்ணி வச்சுக்கிட்டு அங்குட்டே நின்னுச்சு. நான் கிளம்புறப்ப வாசல் வரைக்கும் வந்து, ‘இந்தத் தடவையும் பெயிலானாப் பரவால்லத்தா’ன்னு சொல்லிருச்சு.”