ஒத்தைக் கட்டில் பிரிவு

இல்லண்ணே, நீங்க படுத்துக் காட்ட வேணாம். எழுந்திரிங்க, சட்டை கசங்கிடும். இந்த மெத்தை எப்படி அமுங்கும், எப்படி எழும்பும், எல்லாம் எனக்கு அத்துப்படி. நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி இந்தக் கடையில டபுள் கட்டில் வித்தது நான்தான்.

ஆமா, இங்கயேதான். நான் படுத்தாலே வியாபாரம் முடிஞ்சிடும். கண்ண மூடி ஒரு பெருமூச்சு விடுவேன். பொண்டாட்டி புருஷனப் பாப்பாங்க, புருஷன் பர்ஸைத் தொறப்பாரு.

ஏன் போயிட்டேனா? அத ஏன் கேக்கறீங்க. ஒரு நாள் ஏணியில இருந்து வழுக்கி மண்டையில அடிபட்டு மயங்கிட்டேன். விஷயம் கேள்விப்பட்டு, என்கூட இருக்கிறவரு ஓடி வந்து, என் தலைய மடியில வச்சுக்கிட்டு, கண்ணத் தொறடா கண்ணுன்னு ஒரே அழுகை. மேனேஜர் கேட்டிருக்காரு, நீங்க அண்ணனா தம்பியான்னு. இவரு பதட்டத்துல, நான் இவன் வீட்டுக்காரன் சார்னுட்டாரு.

சிரிக்காதீங்க. மேனேஜர் வீட்டு ஓனர்னு நினைச்சுட்டாரு! ரெண்டு நாள் புலம்பியிருக்காரு, அவரோட வீட்டு ஓனர் தண்ணி மோட்டாரே போட மாட்டேங்கிறானாம், இவனுக்குப் பாரு எப்படி ஒரு ஓனர்னு. அப்புறம் யாரோ புரிய வச்சுட்டாங்க.

கூப்பிட்டாரு. தம்பி, எங்களுக்கெல்லாம் பரந்த மனசு, ஆனா நீ இனிமே கட்டில்ல படுக்காதன்னாரு. ஏன் சார்னேன். கஸ்டமர் என்னென்னவோ கற்பனை பண்ணுவாங்களாம். யாரு சார் பண்றான்னு கேட்டேன். எழுந்து போய் கதவச் சாத்திட்டு வந்தாரு பாவம். நானே பண்றேன்டான்னாரு.

என்னத்தச் சொல்ல. நின்னுக்கிட்டே வித்தேன். அதுவும் பொறுக்கல. டபுள் கட்டில் பக்கமே போகக் கூடாது, சிங்கிள் கட்டில் மட்டும்தான்னு அந்த மூலைக்கு அனுப்பிட்டாங்க. கூட வேலை பாத்த பயலுவ சோத்து டப்பாவ எடுத்துக்கிட்டு வேற பெஞ்சுக்குப் போயிட்டானுவ. அதான்ணே வலிச்சது, மேனேஜர் கூட இல்ல.

ஆனா தொழில்னு ஒண்ணு இருக்குல்ல. ஒரு புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி வழி தவறி என் மூலைக்கு வந்துச்சு. ரெண்டு சிங்கிளப் பக்கத்துல பக்கத்துல தள்ளி, மேல ஒரே விரிப்பப் போட்டேன். சண்டை வந்தா பிரிச்சுக்கலாம், சமாதானம் ஆனா சேத்துக்கலாம்னேன். அவ்வளவுதான், ஊரே என் மூலையில. டபுள் கட்டில் பக்கம் காத்தாடுது.

மெச்சுவாருன்னு பாத்தா, வேலைய விட்டுத் தூக்கிட்டாரு. ஒத்தைக் கட்டிலக்கூட ஜோடி சேத்துக் கெடுத்துட்டேனாம்! சிரிச்சுக்கிட்டேதான் வெளிய வந்தேன். பஸ் ஸ்டாப்புல உக்காந்ததும் அழுகை முட்டிக்கிச்சு.

இப்பவா? பாத்ரூம் சாமான் கடையில இருக்கேன். நிம்மதி, அங்க எதையும் உக்காந்து காட்டச் சொல்ல மாட்டாங்க.

மேனேஜரக் கூப்பிட வேணாம்ணே. என்னைப் பாத்ததும் மணியே அடிக்காத ஃபோன்ல ஹலோ ஹலோன்னு மாடி ஏறிட்டாரு. பாவம், இருக்கட்டும்.

இந்த டபுள் கட்டிலையே பில் போட்டுடுங்க. இல்ல, பழசக் குடுத்துப் புதுசு வாங்கற திட்டம் வேணாம். பழைய டபுள் கட்டில் இருந்தாத்தானே? ஊருக்கெல்லாம் டபுள் கட்டில் வித்தேனே ஒழிய, எங்க வீட்டுக்கு ஒண்ணு வாங்கினதில்ல. ரெண்டு ஆம்பளைங்க இருக்கிற வீட்டுக்கு டபுள் கட்டில் போனா தெருவே எட்டிப் பாக்கும்ல. யாராச்சும் வந்தா காட்டுறதுக்குன்னு, ஆளுக்கு ஒரு ரூம்ல ஆளுக்கு ஒரு சிங்கிள் கட்டில்.

கொஞ்சம் மெதுவாப் பேசுங்கண்ணே. அதோ, ஜன்னலோரக் கட்டில்ல சும்மா சாஞ்சு பாக்கறேன்னு போன என் வீட்டுக்காரரு நல்லாத் தூங்கிட்டாரு. பில்லப் போட்டு முடிங்க, அப்புறம் எழுப்பிக்கலாம்.

வீட்டுக்கு அனுப்பறதா? பகல்லயே அனுப்புங்க. முன்வாசல் வழியாவே வரட்டும். எந்த ரூம்ல போடணும்னு உங்க ஆளுங்க கேப்பாங்க. எந்த ரூமா இருந்தாலும் சரி, இனிமே ஒரே ரூம்தான்னு சொல்லிடுங்க.