ஒன்பது தசம் மூண்டு

இந்தக் கந்தோர்க் கோப்பியை வாயில வைக்கேலாது, தங்கச்சி. மெஷினால வாற கறுப்புத் தண்ணி. ஆனாலும் அந்தப் பொலிஸ் மனிசன் எங்களுக்கும் சேர்த்து எடுக்கக் கீழ்மாடிக்குப் போயிருக்கிறார். திரும்பி வரப் பத்து நிமிசம் எண்டாலும் செல்லும். அதுக்குள்ள உங்களுக்கு முழுக்கச் சொல்லிப்போடுறன். வைதேகி எண்டுதானே பேர் சொன்னனீங்கள்? நீங்கள் மொழிபெயர்க்க வந்தனீங்கள், பொலிஸ் இல்லை. முதல்ல கேளுங்கோ. எதை அவருக்குச் சொல்லுறது எண்டு பிறகு யோசிப்பம்.

தோட்டாவில இருந்து தொடங்குறன். நான் இருக்கிறது டோர்ட்மண்டில, வேலை ஒரு மணித்தியாலம் தள்ளிக் காட்டுக்குள்ள. புறொக்மன் எண்டு ஒரு கிழவர், எழுபத்தொரு வயசு, அந்தக் காட்டை வேட்டைக்கு எண்டு குத்தகைக்கு எடுத்து வைச்சிருக்கிறார். அங்க விழுற மானையும் பன்றியையும் உரிச்சு வெட்டுறது நான். மூண்டு வருசத்தில இருநூறுக்குக் கிட்ட வெட்டியிருப்பன். கிழவரின்ர பழைய துவக்கு எட்டு மில்லிமீற்றர். பெரிய ஆண்பன்றி எண்டால் அதின்ர சன்னம் தோள் எலும்பை உடைச்சுக்கொண்டு போய் மற்றப் பக்கத் தோலுக்குக் கீழ நிண்டிடும். நான் விரலால தடவி எடுத்து, கழுவி, யன்னலில அடுக்கி வைக்கிறனான். மற்றப் பக்கத்தில ஓட்டை இல்லாட்டி ரத்தம் நிலத்தில விழாது, காயத்தோட ஓடினதைத் தேடிப் பிடிக்கேலாது. ஒருக்கால் மூண்டு நாளுக்குப் பிறகு ஒரு பன்றி புழுத்துக் கிடந்ததைப் பாத்திட்டுக் கிழவர் அழுதே போட்டார். அவ்வளவு இளகின மனிசன்.

போன செப்டெம்பரில, புதுத் துவக்கு வாங்கப்போறன், எது நல்லது எண்டு என்னட்டைக் கேட்டார். கடைக்காரன் வெளியில இருந்து பாக்கிறவன், நீ உள்ளுக்குப் பாத்தவன் எண்டார். மூண்டு தோட்டாவை மேசையில நிறுத்தி வைச்சார். ஏழு மில்லிமீற்றர் சரியான வேகம், ஆனால் கிட்ட நிண்டு சுட்டால் இறைச்சியைக் கூழாக்கிப்போடும். அமெரிக்கன் முப்பது நல்லதுதான், ஆனால் அவரின்ர எட்டுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூண்டாவது ஒன்பது தசம் மூண்டு. பதினெட்டரைக் கிராம் சன்னம். அது அவசரப்படாது, ஆனால் நிக்கவும் மாட்டுது. வன்மையான சன்னமாப் போட்டால் பன்றியை ஊடறுத்து அங்காலயும் போகும். இதை எடுங்கோ எண்டன். அதில ஒரு சொல்லும் பொய் இல்லை. நாளைக்கு ஆரும் வேட்டைக்காரன் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்.

அதுக்கு நாலு நாள் முந்தித்தான் பென்ஜமினுக்கு டெர்மின் கடிதம் வந்தது. அகதி விசாரணைக்கு நாள் குறிச்சு, டிசம்பர் அஞ்சாம் தேதி.

பென்ஜமின் எங்கட ஊர், மன்னார்க் கரையில நாலு வீடு தள்ளி. அவன்ர தம்பி றெக்ஸைத் தொண்ணூறாம் ஆண்டு வள்ளம் ஏறேக்கை சுட்டுப்போட்டாங்கள். பத்தொன்பது வயசு. பென்ஜமின்தான் அவனைத் தோளில போட்டுக்கொண்டு தண்ணிக்குள்ளால நடந்தவன். கொஞ்ச நாளால பென்ஜமின் போன வள்ளமும் கவிண்டிட்டுது எண்டு ஊரில கதைச்சினம். எல்லாரும் நம்பினம்.

நான் இஞ்ச வந்து விசாரணைக்குப் போகேக்கை என்னட்டைச் சொல்ல ஒண்டும் இருக்கேல்லை. பசி, பயம், ஓட்டம். அதை எழுத அவங்கட பத்திரத்தில இடம் இல்லை, தங்கச்சி. நான் றெக்ஸைச் சொன்னன். என்ர தம்பி எண்டன். என்ர தோளில எண்டன். செத்தவங்கட கதைதானே, ஆருக்கு நட்டம் எண்டு நினைச்சன். ஏற்றுக்கொண்டாங்கள். அந்தக் கதையை வைச்சுத்தான் என்ர மனிசி மரியமலரையும் ரெண்டு பெட்டையளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டது. அதுகள் ரெண்டரை வருசமாக் கொட்டாஞ்சேனையில ஒரு லொட்ஜ் அறையில கிடக்குதுகள். பொலிஸ் கதவைத் தட்டினால் சின்னவள் கட்டிலுக்குக் கீழ போய் ஒளிக்கிறாளாம். அவள் பிறந்தது நான் வெளிக்கிட்ட பிறகு. நான் இன்னும் அவளைத் தூக்கேல்லை.

அப்பிடி இருக்கேக்கை போன வருசம் மாசியில, பூசை முடிஞ்சு வர, கோயில் வாசலில பென்ஜமின் "அண்ணை" எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சான். உயிரோட. ஒரே ஊர், ஒரே கரை, ஒரே தம்பி, ரெண்டு தமையன்மார். ரெண்டு கோப்பும் ஒரு மேசைக்கு வந்தால் முதல் கிழியிறது என்ரது. நான் பயந்து செத்துக்கொண்டிருந்தன். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டன், சாப்பாடு குடுத்தன், கடைசியில உண்மையைச் சொல்லிக் காலில விழாத குறையாக் கெஞ்சினன். அவன்ர மறுமொழியைப் பிறகு சொல்லுறன்.

நவம்பர் சனிக்கிழமையளில பெரிய வேட்டை. விரட்டுறவை சத்தம் போட்டுக்கொண்டு வர, பன்றி வெளியில பாயும், பரணில இருக்கிறவை சுடுவினம். விரட்டுறவையை எங்க நிப்பாட்டுறது எண்டு தீர்மானிக்கிறது நான். கிழவரின்ர பரணுக்கு முன்னால ஒரு வாய்க்கால். பன்றி அதைத் தாண்டேக்கைதான் அவர் சுடுறவர். வாய்க்காலுக்கு அங்கால முள்ளுப்பற்றை. அங்க ஒருத்தரும் இல்லை எண்டு ஒவ்வொரு முறையும் நான்தான் அவருக்குச் சொல்லுறனான். பென்ஜமினை நான் அந்தப் பற்றைக்குப் பின்னால நிப்பாட்டினன். மற்றவைக்குச் செம்மஞ்சள் மேற்சட்டை. ஒண்டு குறைஞ்சுது. அவன் குளிர் தாங்கமாட்டான் எண்டு என்ர பச்சைக் கோட்டைக் குடுத்தன்.

முதல் சனி கிழவர் சுடவேயில்லை. ரெண்டாம் சனி பன்றி வேற பக்கத்தால போட்டுது. நான் எல்லாத்தையும் கடவுளிட்ட விட்டிட்டன், தங்கச்சி. ரெண்டு தரம் அவர் காப்பாத்தினவர். மூண்டாந்தரமும் காப்பாத்தியிருக்கலாம்.

மூண்டாம் சனி வந்தது நூற்றுப்பத்துக் கிலோ ஆண்பன்றி. ஒரு வெடிதான். கிழவர் நல்லாச் சுட்டவர், இடத்திலயே விழுந்திட்டுது. பழைய எட்டு எண்டால் தோலுக்குக் கீழ நிண்டிருக்கும். பென்ஜமினைக் கொண்டுபோன பிறகு அந்தப் பன்றியையும் நான்தான் உரிச்சனான், இறைச்சி பழுதாகும் எண்டு. உள்ளுக்குச் சன்னம் இல்லை.

விபத்து எண்டு எழுதிச்சினம். கிழவர் நாலு மாசமா ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. நான் கொலைகாரன், நான் கொலைகாரன் எண்டு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுவார். நான்தான் சூப் பருக்கிறது. உங்கட பிழை இல்லை எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன்.

இப்ப இந்தக் கடதாசி. அவன் போட்டிருந்த கோட்டுப் பையுக்குள்ள இருந்ததை இவ்வளவு நாளும் ஒருத்தரும் வாசிக்கேல்லை, அதுதான் உங்களைக் கூப்பிட்டிருக்கினம். என்ர கையெழுத்து. ஒளிக்கிறதில பிரயோசனம் இல்லை.

பென்ஜமின் ஓம் எண்டவன், தங்கச்சி. கெஞ்சின அந்த நிமிசமே ஓம் எண்டவன். "அக்காவும் பிள்ளையளும் வரட்டும், அண்ணை. றெக்ஸ் உங்களோடயே இருக்கட்டும். எனக்கு வேற கதை எழுதித் தாங்கோ" எண்டான். அதுதான் இது. வீடு எரிஞ்சது, சகோதரம் ஒருத்தரும் இல்லை. வேலைக்குப் போற வானுக்குள்ள ஒவ்வொரு நாளும் நான் கேள்வி கேப்பன், அவன் பாடமாச் சொல்லுவான். நல்ல கெட்டிக்காரன். "சகோதரம் எத்தினை பேர்?" எண்டால் மட்டும் "ஒராள், றெக்ஸ்" எண்டு சொல்லிப்போட்டு நாக்கைக் கடிப்பான். முப்பது தரம் கேட்டிருப்பன். முப்பது தரமும் அதுதான் முந்தி வந்தது. கடைசிச் சனி காலமையும் அதுதான் வந்தது. "அங்க போய்ச் சரியாச் சொல்லுவன், அண்ணை, யோசியாதேங்கோ" எண்டு சிரிச்சான். டெர்மினுக்கு ரெண்டு கிழமைதான் இருந்தது. பற்றைக்குள்ள சும்மாதானே நிக்கப்போறாய், வடிவாப் பாடமாக்கு எண்டு கடதாசியைக் கோட்டுப் பையுக்குள்ள வைச்சுவிட்டன்.

கொலையை நான் ஒத்துக்கொள்ளுறன். தோட்டா, பற்றை, கோட்டு எல்லாத்தையும் அவருக்குச் சொல்லுங்கோ. எத்தினை வருசம் எண்டாலும் இருக்கிறன். கடதாசியை மட்டும் ஒரு செபம் எண்டு சொல்லுங்கோ. ஏன் செய்தனீ எண்டு கேட்டால், பெட்டை விசயத்தில சண்டை எண்டு சொல்லுங்கோ, செத்தவன் கோவிக்கப்போறதில்லை. மரியமலருக்குப் போன கிழமைதான் விசா குத்தினவை. பதினெட்டாம் தேதி பிளேன். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.

அந்தா, படியில சத்தம். கண்ணைத் துடையுங்கோ, தங்கச்சி.

என்ன கேக்கிறார், குடும்ப விபரமோ? சொல்லுங்கோ. பேர் இராயப்பு. மனிசி, ரெண்டு பெட்டையள். தாய் தகப்பன் இல்லை. தம்பி ஒராள், றெக்ஸ். தொண்ணூறாம் ஆண்டு வள்ளம் ஏறேக்கை சுட்டுப்போட்டாங்கள், நான்தான் தோளில போட்டுக்கொண்டு தண்ணிக்குள்ளால நடந்தனான். வருசா வருசம் அவனுக்குப் பூசை ஒப்புக்குடுக்கிறனான். வேணுமெண்டால் திருப்பிக் கேக்கச் சொல்லுங்கோ. எத்தினை தரம் கேட்டாலும் எனக்கு அதில பிழை வராது.